தைலம் விற்ற காசில் பத்திரிகை நடத்தியவர்... யார் இந்த நாகேஸ்வர ராவ்?

தலைவலின்னா நம்ம கை தேடுறது மஞ்சள் தைலம், அதாவது அம்ருதாஞ்சன். சென்னை லஸ் பக்கம் வாக்கிங் போறவங்களுக்கு நாகேஸ்வர ராவ் பூங்கா தெரியும். ரெண்டுக்கும் பின்னால் இருப்பது ஒரே ஆள்தான்.

காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1867-ல் ஆந்திராவின் கிருஷ்ணா மாவட்டத்தில் பிறந்தவர். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார். கல்கத்தாவில் மருந்துத் தொழில் பழகினார். 1893-ல் பம்பாயில் அம்ருதாஞ்சனைத் தொடங்கினார். கற்பூரம், மெந்தால், யூகலிப்டஸ் எண்ணெய் சேர்ந்த ஆயுர்வேத தைலம் இது. தோலில் குளிர்ச்சியை உணரும் நரம்புகளை மெந்தால் தூண்டிவிடும். அந்தக் குளுமையில் வலி அமுங்கிப்போகும். ஆனா, வலிக்கான காரணம் அப்படியேதான் இருக்கும்!

கச்சேரிகளில் தைலத்தை இலவசமா கொடுத்தே பிரபலமாக்கினார்னு சொல்வாங்க. விற்பனை சூடுபிடித்தது.

வந்த காசை அவர் பெட்டியில் பூட்டி வைக்கல. 1908-ல் பம்பாயிலேயே 'ஆந்திர பத்திரிகா' என்ற தெலுங்கு வார இதழைத் தொடங்கினார். 1914-ல் சென்னைக்கு வந்ததும் அது நாளிதழானது. 1924-ல் 'பாரதி' என்ற இலக்கிய மாத இதழும் வந்தது. உப்புச் சத்தியாகிரகத்தில் இறங்கி ஜெயிலுக்கும் போனார். நல்லா ஓடுற வியாபாரத்தை வச்சுக்கிட்டு வெள்ளைக்கார அரசைப் பகைத்துக்கொள்வது சின்ன ரிஸ்க்கா என்ன?

தனி ஆந்திர மாகாணம் வேணும்னு கடைசிவரை நின்றார். அதற்காகக் கடலோர ஆந்திரா, ராயலசீமா தலைவர்கள் 1937-ல் செய்துகொண்ட ஸ்ரீபாக் ஒப்பந்தம், சென்னையில் அவர் வீட்டில்தான் கையெழுத்தானது. ஸ்ரீபாக் என்பதே அந்த வீட்டின் பெயர்தான்.

அடுத்த ஆண்டு ஏப்ரலில் அவர் காலமானார். ஆந்திர மாநிலம் பிறந்தது 1953-ல்.