முசோர்க்ஸ்கி என்னும் இசைப்புலவர்

கல்லினாற் கட்டிய வாயில்கள் காலத்தால் இடிந்து வீழ்தலை நாம் காண்கின்றோம். ஒரு கல்லேனும் நாட்டப்பெறாத வாயில் ஒன்று ஏறக்குறைய 150 ஆண்டுகளாக அழியாது நிற்பது வியப்பன்றோ? அது கீவ் நகரத்திற்கென ஓவியர் ஒருவர் வரைந்த வாயில். கட்டப்படாது ஒழிந்த அதனை இசையால் எழுப்பித் தந்தவர், உருசிய நாட்டு இசைப்புலவராகிய மோடஸ்ட் பெட்ரோவிச் முசோர்க்ஸ்கி. அவர்தம் வரலாற்றைச் சுருக்கமாக ஈண்டு எழுதப் புகுகின்றேன்.

முசோர்க்ஸ்கி 1839 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், ப்ஸ்கோவ் மாகாணத்துக் கரேவோ என்னும் சிற்றூரில், நிலக்கிழார் குடியொன்றிற் பிறந்தார். இளமையிலேயே அன்னையார் அவருக்குப் பியானோ பயிற்றுவித்தனர். பத்தாம் வயதில் அவர் தலைநகராயிருந்த செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் சென்று கல்வி பயின்றார். பின்னர்ப் போர்ப்பயிற்சிப் பள்ளியிற் சேர்ந்து, 1856 இல் மன்னரது காவற்படையில் அதிகாரியானார். வாளும் பதவியும் குலப்பெருமையும் அவரை அங்கே நிறுத்தவில்லை. 1857 இல் பாலகிரெவ் என்னும் இசையாசிரியரின் நட்பைப் பெற்றவர், மறு ஆண்டே படைத்தொழிலைத் துறந்து இசைத்தொழிலை மேற்கொண்டார்.

பாலகிரெவைச் சூழ்ந்து ஐவர் கொண்ட குழுவொன்று உருவாயிற்று. அதனுள் போரொதின் இரசாயன நூல் வல்லவர். ரிம்ஸ்கி-கோர்சகவ் கடற்படை அதிகாரி. குயி அரண் கட்டும் கலை வல்லவர். பிறநாட்டு இசையைப் பார்த்து எழுதாமல், தம் நாட்டு மக்களின் பாட்டினின்றும் பேச்சினின்றும் புதியதோர் இசையைப் படைத்தல் வேண்டும் என்பதே அவர்கள் கொண்ட நோக்கமாம்.

1861 இல் உருசியப் பேரரசர் பண்ணையடிமைகளை விடுதலை செய்தார். அதனால் நிலக்கிழார் பலருடைய வருவாய் சுருங்கிற்று. முசோர்க்ஸ்கியின் குடும்பமும் வறுமையுற்றது. 1863 முதல் அவர் அரசாங்க அலுவலகத்தில் எழுத்தராய் அமர்ந்து, பகலிற் கோப்புக்களையும் இரவில் இசையையும் எழுதலானார். 1865 இல் அன்னையார் இறந்தனர். அத்துயரின் போது குடிப்பழக்கம் அவரை வன்மையாகப் பற்றிக்கொண்டது, இறுதிவரையில் விட்டிலது.

இத்தகைய இடர்களுக்கிடையே அவர் போரிஸ் கோதுனவ் என்னும் இசைநாடகத்தை 1869 இல் எழுதி முடித்தார். அரசாங்க நாடகசாலைத் தலைவர்கள் அதனை 1871 இல் மறுத்தனர். அவர் சோர்வுறாது திருத்தி எழுதினார். 1874 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அது மேடையேறியபோது மக்கள் ஆரவாரித்தனர். ஆனால் தம் குழுவினராகிய குயி என்பாரே அதனைக் கடிந்து எழுதியது அவருள்ளத்தைப் புண்படுத்திற்று.

அவர்தம் உள்ளத்தில் அதனினும் ஆழ்ந்த புண் ஒன்று முன்னரே இருந்தது. விக்தர் ஹார்ட்மன் என்பவர் ஓவியரும் கட்டடக் கலைஞருமாவார். முசோர்க்ஸ்கியின் உயிர் நண்பர். ஒருநாள் இருவரும் தெருவில் நடந்து செல்லுகையில், ஹார்ட்மன் முகம் வெளிறிச் சுவரிற் சாய்ந்து நின்றார்; மூச்சு வாங்கவில்லை என்றார். அத்தகைய இளைப்பு நரம்புத் தளர்ச்சியால் வருவதென்று எண்ணிய முசோர்க்ஸ்கி, சிறிது இளைப்பாறிப் பின்னர் நடக்கலாம் என எளிதாகக் கூறிவிட்டார். சின்னாளில், 1873 இல், ஹார்ட்மன் 39 ஆம் வயதிலேயே இறந்தார். நண்பனது நோயை உணராது போனோமே என்று முசோர்க்ஸ்கி ஆறாத் துயருற்றனர். தம்மைத் தாமே கடிந்து அவர் அப்போது எழுதிய கடிதம் இன்றும் படிப்பார் நெஞ்சை உருக்குகின்றது.

மறு ஆண்டு, இருவர்க்கும் நண்பராகிய ஸ்டாசவ் என்னும் கலை ஆராய்ச்சியாளர், இறந்தவர்தம் ஓவியங்களைத் திரட்டித் தலைநகர்க் கலைக்கழகத்தில் கண்காட்சியொன்றை நடத்தினார். முசோர்க்ஸ்கி அதனைக் கண்டு மீண்டார். 1874 ஜூன் திங்களில் மூன்று வாரங்களுக்குள் அவர் பியானோவுக்கென எழுதி முடித்ததே கண்காட்சி ஓவியங்கள் என்னும் இசைமாலை. பல சிறு உறுப்புக்களை ஒரு நூலிற் கோத்த இத்தகைய அமைப்பினை மேனாட்டார் சூட் என வழங்குவர்.

அம்மாலையில் 10 ஓவியங்கள் உள. எருதுகள் இழுக்கும் கனத்த வண்டியும், ஓட்டை விட்டு நீங்காமலே கூத்தாடும் கோழிக்குஞ்சுகளும், கோழிக்காலின்மீது நிற்கும் சூனியக்காரியின் குடிசையும் அவற்றுட் சில. ஓவியத்துக்கு ஓவியம் நடந்து செல்வதைக் காட்ட, நடை என்னும் பண் இடையிடையே வருகின்றது. அதன் தாளம் ஐந்தும் ஆறுமாக மாறி மாறிச் செல்வதால், மனத்தில் ஏதோ சுமந்து நடக்கும் ஒருவர்தம் அடிவைப்பைப் போலவே அஃது ஒலிக்கும். பாரிஸ் நகரத்து நிலவறைக் கல்லறைகளைக் காட்டும் ஓவியத்தை அடுத்து, அந்நடைப்பண் துயரக்குரலில் மெல்ல எழுகின்றது. அவ்விடத்தில், மறைந்த நண்பரின் ஆன்மா தம்மை மண்டையோடுகளினிடையே அழைத்துச் செல்வதாக முசோர்க்ஸ்கி தம் கையெழுத்துப் படியிற் குறித்துள்ளார்.

ஈற்றில் வருவதே கீவ் நகரத்துப் பெருவாயில். 1866 இல் பேரரசர் கொலைக்குத் தப்பியதன் நினைவாகக் கட்டுதற்கு ஹார்ட்மன் வரைந்தது அது. மணிகள் முழங்க, தேவாலய கீதம் ஒலிக்க, அவ்வாயில் நம் செவிமுன் உயர்கின்றது. மணியோசையினூடே நடைப்பண்ணும் வந்து கலக்கின்றது. அன்று தெருவில் நண்பரின் நடை தடைப்பட்டது. ஈண்டு நடந்து வந்தவர், அந்நண்பர் அமைத்த வாயிலிலேயே புகுகின்றார். நண்பர்க்கு அன்று செய்யத் தவறியதை இசையாற் செய்தார் முசோர்க்ஸ்கி என்று கொள்ளுதல் தவறாகாது என்பது என் கருத்து.

ஆயினும் இம்மாலை அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை. 1880 இல் அவர் அலுவலை இழந்தார். நண்பர் சிலர் திங்கள்தோறும் பொருளுதவி வந்தனர். 1881 இல் நோயுற்றுப் படைவீரர் மருத்துவமனையிற் கிடந்தபோது, ரெப்பின் என்னும் ஓவியர் அங்கே சென்று, கலைந்த தலையும் ஒளி மாறாத கண்களுமாய் அவர் உருவத்தைத் தீட்டினர். மார்ச்சு 28 ஆம் நாள் முசோர்க்ஸ்கி உயிர் நீத்தார். 42 ஆண்டு நிரம்பி ஒரு வாரமே ஆகியிருந்தது.

அவர் இறந்த பின்னர், ரிம்ஸ்கி-கோர்சகவ் சில திருத்தங்களுடன் இசைமாலையை 1886 இல் வெளிவரச் செய்தார். 1922 இல் பிரெஞ்சு இசைப்புலவர் ராவெல் அதனைப் பல்லியத்திற்கு அமைத்தார். அதுமுதல் உலகமெங்கும் அது பரவிற்று. 1971 ஆம் ஆண்டு மார்ச்சு 26 ஆம் நாள், இங்கிலாந்தின் நியூகாசில் நகர மன்றத்தில், எமர்சன், லேக், பால்மர் என்னும் மூவர் குழுவினர் அதனைப் புரோகிரெசிவ் ராக் என்னும் புதுவகை இசையில் நிகழ்த்தினர். ஓவியங்களுள் நான்கினை மட்டும் கொண்டு, தாமே இயற்றிய பகுதிகளையும் சொற்களையும் சேர்த்து, மின்னிசைக் கருவிகளும் பறைகளும் அதிர அவர்கள் இசைத்தது இசைத்தட்டாகவும் வெளிவந்தது. முசோர்க்ஸ்கி மறைந்து 90 ஆண்டு நிறைவதற்கு அன்று இரண்டு நாளே எஞ்சியிருந்தன. ஹார்ட்மனின் பெயரை அறியாத இளைஞர் பல்லாயிரவர் அவர்தம் வாயிலை இவ்வாறு கேட்டு மகிழ்ந்தனர்.

மாணவத் தோழர்களே! முசோர்க்ஸ்கியின் வாழ்க்கை குற்றமற்ற வாழ்க்கையன்று. குடியினால் அவர் கெடுத்துக்கொண்ட காலமும் முடியாது விட்ட நூல்களும் பல. ஆயினும் நட்பின் கடனை அவர் மறந்தாரல்லர். நம்முடன் நடந்து வரும் நண்பர் ஒருவர் களைத்து நின்றால், நாமும் நின்று அவர் முகத்தை நோக்குவோமாக. காலந்தாழ்த்து உணர்ந்த அன்பு அரியதோர் இசையாய் மலர்ந்தது உண்மையே. எனினும் உரிய காலத்திற் காட்டும் அன்பு அதனினும் இனிதன்றோ?