ஆட்டுப் பட்டியில் கண்ட உண்மை

நாஞ்சில் நாட்டு விவசாயிக்கு எலி என்றாலே பகை. கதிர் முற்றும் வேளையில் வரப்பில் வளை தோண்டி, நெல்லை வாரிக்கொண்டு போய்ப் பதுக்கும் பிராணி அது. பொறி வைத்துப் பிடிப்பார்கள். புகை மூட்டியும் விரட்டுவார்கள்.

அந்த எலி இனத்திலேயே ஒன்றைக் கூண்டில் வைத்து, பெயரிட்டு, தோளில் ஏற்றிக் கொஞ்சுகிறவர்களும் உலகில் உண்டு. வெள்ளை எலி, புள்ளி எலி என்று எத்தனையோ வகை. அவர்களுக்கு ஒரு கவலை. பெண் எலிக்கு ஒன்றரை வயது தாண்டினால் கழுத்தடியிலோ வயிற்றோரத்திலோ கட்டி ஒன்று எழும்பும். முதலில் சுண்டைக்காய் அளவு இருக்கும். சில வாரங்களில் எலுமிச்சம்பழம் ஆகிவிடும். பாவம், அந்தச் சிறு பிராணி கட்டியை இழுத்துக்கொண்டு நடக்கும்!

இந்தக் கட்டிகளுக்குத் தீனி போடுவது எது? உடம்புக்குள் சுரக்கும் ஹார்மோன் என்னும் நீர். அந்த நீரைத் தடுத்தால் கட்டி அடங்குமா? மருந்தினாலேயே அடக்கலாமா? மிருக வைத்தியர்கள் இன்று இந்த வழியில் முயல்கிறார்கள். பெண்களின் மார்புப் புற்று நோய்க்கு மாத்திரை கொடுக்கும் டாக்டர்களும் இதே வழியில்தான் போகிறார்கள்.

வழியைத் திறந்தவர் யார்? அவர் பெயர் ஜார்ஜ் தாமஸ் பீட்சன்.

திருகோணமலைப் பிள்ளை

கன்னியாகுமரிக் கரையில் நின்று கிழக்கே நோக்கினால், கடலுக்கு அப்பால் இலங்கை. அந்தத் தீவின் மறு கரையில், கோணேசர் கோயில் கொண்ட குன்றின் அடியில் இருக்கிறது திருகோணமலைத் துறைமுகம். அங்கேதான் 1848-ம் ஆண்டு பீட்சன் பிறந்தார். தந்தை பிரிட்டிஷ் ராணுவத்தில் டாக்டர். 

பிள்ளையின் படிப்பெல்லாம் சீமையில். மான் தீவில் பள்ளிக்கூடம், பிறகு கேம்பிரிட்ஜ், அதன் பின் எடின்பரோவில் வைத்தியக் கல்வி. எடின்பரோவில் லிஸ்டர் என்ற பெரிய டாக்டர் இருந்தார். ஆபரேஷன் செய்த புண்ணில் சீழ் பிடித்து நோயாளிகள் செத்துக்கொண்டிருந்த காலத்தில், கிருமிகளைக் கொல்லும் கார்பாலிக் திராவகத்தால் அதைத் தடுத்தவர் அவர். அவரிடம் உதவி டாக்டராக வேலை பார்க்கும் பாக்கியம் பீட்சனுக்குக் கிடைத்தது. பின்னாளில் தைரியமாக வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்ய அவருக்கு முடிந்ததென்றால், அதற்கு லிஸ்டரிடம் கற்ற பாடம் ஒரு காரணம்.

சும்மா இருந்த நாட்கள்

1876-ம் ஆண்டு. பீட்சனுக்கு வயது இருபத்தெட்டு. மேற்கு ஸ்காட்லாந்தில் ஒரு பண்ணை. அதன் சொந்தக்காரருக்குச் சித்தப் பிரமை. அவரைக் கவனித்துக்கொள்ள ஒரு டாக்டர் தேவைப்பட்டார். பீட்சன் அங்கே போய்த் தங்கினார். வேலை அதிகம் இல்லை. பொழுது நிறைய இருந்தது. உயர்ந்த வைத்தியப் பட்டத்துக்கு ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதலாம் என்று எண்ணினார். எதைப் பற்றி எழுதுவது?

அப்போது குட்டிகளைப் பால் மறக்கச் செய்யும் பருவம். பக்கத்துப் பட்டியிலிருந்து குட்டிகளின் கத்தல் கேட்டுக்கொண்டேயிருந்தது. பால் எப்படிச் சுரக்கிறது, எப்படி நிற்கிறது என்பதையே எழுதுவோம் என்று அவர் உட்கார்ந்தார்.

பால் சுரப்பதை நரம்புகள்தான் நடத்துகின்றன என்று டாக்டர்கள் அன்று நினைத்திருந்தார்கள். அப்படி நினைப்பதற்கும் நியாயம் உண்டு. கன்று செத்துப்போனால், அதன் தோலில் வைக்கோலைத் திணித்து மாட்டின் முன் நிறுத்திப் பால் கறப்பதை நம் கிராமங்களில் பார்க்கலாம். வைக்கோல் கன்றைக் கண்டதும் தாய்ப் பசு மடியை விடுகிறதே! ஆனால் மடியில் உள்ள பால் இறங்குவது வேறு. பால் உண்டாவது வேறு. பால் உண்டாவதற்கான கட்டளை நரம்பு வழியாக வருவதாகப் பீட்சனுக்குத் தோன்றவில்லை.

அவர் தேடிப் பிடித்த செய்தி ஒன்று. சில நாடுகளில் விவசாயிகள், கன்று ஈன்ற பசுவின் சினைப்பைகளை எடுத்துவிடுகிறார்கள். கருப்பையின் இரு புறமும் உள்ள முட்டைப் பைகளே சினைப்பைகள். அவற்றை எடுத்துவிட்டால் பசு மீண்டும் சினை ஆகாது. பாலும் வற்றாமல் நெடுங்காலம் வருமாம். எங்கோ அடி வயிற்றில் இருக்கிறது சினைப்பை. எங்கோ இருக்கிறது மடி. இரண்டையும் இணைக்கும் நரம்பு என்று ஒன்றும் இல்லை. இருந்தும் ஒன்று மற்றொன்றை ஆட்டி வைக்கிறது!

இதற்கு மேலும் ஒரு படி போனார் பீட்சன். பால் சுரக்கும்போது மார்பில் உள்ள நுண்ணிய அணுக்கள் பெருகுகின்றன. மார்பில் புற்று நோய் வந்தாலும் அணுக்கள் பெருகுகின்றன. பால் விஷயத்தில் அவை கொழுப்பாகி, கரைந்து, பாலோடு வெளியேறிவிடும். புற்றில் அப்படிக் கரைவதில்லை, பெருகிக்கொண்டே போகும். சினைப்பையை எடுத்துவிட்டால் புற்று அணுக்களும் கரைந்துவிடுமோ?

உண்மையைச் சொல்லப்போனால், இந்த வாதத்தில் பாதி தவறு. புற்று அணு பால்போல் கரைவதில்லை என்பது பிற்கால ஆராய்ச்சியில் தெரிந்தது. ஆனால் கட்டிக்கும் சினைப்பைக்கும் தொடர்பு உண்டு என்று அவர் நினைத்தது சரியாகவே இருந்தது. ஹார்மோன் என்ற சொல்லே பிறந்தது 1905-ம் ஆண்டில்தான். பெயர் வைப்பதற்கு முன்பே பொருளைக் கண்டுவிட்டார் மனிதர்!

முப்பத்து மூன்று வயதுத் தாய்

பட்டம் வாங்கிய பின் பீட்சன் கிளாஸ்கோ நகரில் தொழில் நடத்தினார். அங்கே புற்று நோய்க்கென்றே ஒரு ஆஸ்பத்திரி. 1893-ம் ஆண்டு முதல் அதில் தலைமை ஏற்றுப் பணி செய்தார். ஏதோ ஒரு கிருமிதான் புற்று நோய்க்குக் காரணம் என்று பலர் அப்போது சொல்லி வந்தார்கள். பீட்சன் அதை ஒப்பவில்லை. பழைய ஆட்டுப் பட்டி எண்ணம் அவர் மனத்தை விட்டுப் போகவும் இல்லை.

1895-ம் ஆண்டு மே மாதம் ஒரு பெண் அவரிடம் வந்தாள். வயது 33. இரண்டு குழந்தைகளுக்குத் தாய். இடது மார்பில் புற்று. முன்பே ஆபரேஷன் செய்து எடுத்தும் நோய் திரும்பிவிட்டது; மார்புச் சுவரில் பரவியிருந்தது. கத்தி வைக்க இடமில்லை. அந்த நாளில் அப்படிப்பட்டவர்களுக்கு டாக்டர்கள் வலி தெரியாமலிருக்க அபினி கொடுப்பார்கள், அவ்வளவுதான்.

பீட்சன் அந்தப் பெண்ணையும் அவள் கணவனையும் உட்கார வைத்துப் பேசினார். சினைப்பைகளை எடுத்துப் பார்க்கலாம் என்றார். இது வெறும் சோதனை, குணமாகும் என்று உறுதி கூற முடியாது என்பதையும் மறைக்கவில்லை. எல்லாம் போய்விட்ட நிலை என்று அவளுக்கே தெரிந்திருந்தது. உடனே சம்மதித்தாள்.

ஜூன் 15-ந் தேதி ஆபரேஷன் நடந்தது. மார்பில் உள்ள கட்டியை அவர் தொடவே இல்லை. வயிற்றைத் திறந்து, சினைப்பைகளை மட்டும் எடுத்துத் தைத்துவிட்டார். அன்றிருந்த டாக்டர்களுக்கு இது விசித்திரமாகத்தான் பட்டிருக்கும். மார்பில் நோய், வயிற்றில் ஆபரேஷன்!

வாரங்கள் சென்றன. கட்டி இளகியது, சுருங்கியது. எட்டு மாதம் கழித்துப் பார்த்தபோது அது இருந்த அடையாளமே இல்லை.

1896-ம் ஆண்டு எடின்பரோவில் டாக்டர்கள் கூடிய சபையில் பீட்சன் இதை எடுத்துச் சொன்னார். ஜூலை மாதம் லான்செட் என்ற வைத்தியப் பத்திரிகையில் அவருடைய கட்டுரை வெளிவந்தது. பெருமை பேசி எழுதவில்லை. ஒரு யோசனை என்றே அதற்குத் தலைப்புக் கொடுத்திருந்தார்.

அந்தத் தாய் ஆபரேஷனுக்குப் பின் ஏறக்குறைய நாலு ஆண்டு வாழ்ந்தாள். பிறகு நோய் திரும்பி வந்தது, இறந்துபோனாள். ஆம், முழுக் குணம் இல்லை. ஆனால் சில மாதங்களே என்றிருந்தவளுக்கு நாலு ஆண்டு. அந்த இரண்டு குழந்தைகளும் நாலு வயது வளரும் வரை தாயின் முகத்தைப் பார்த்தன.

மற்ற டாக்டர்களும் இதைச் செய்து பார்த்தார்கள். லண்டனில் பாய்டு என்பவர் 1900-ம் ஆண்டில் 54 நோயாளிகளின் விவரம் திரட்டினார். மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானவர்களுக்கே பலன் தெரிந்தது. மற்றவர்களுக்கு ஏன் பலிக்கவில்லை? அன்று யாருக்கும் விளங்கவில்லை. புற்றுக் கட்டிகளில் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் கொக்கிகள் உள்ளவை உண்டு, இல்லாதவையும் உண்டு என்பது வெகு காலம் கழித்துத்தான் தெரிந்தது. கொக்கி இல்லாத கட்டிக்கு ஹார்மோனை நிறுத்தினாலும் ஒன்றுதான், நிறுத்தாவிட்டாலும் ஒன்றுதான்.

பீட்சன் ஆஸ்பத்திரியோடு நின்றவர் அல்ல. வழியில் அடிபட்டுக் கிடப்பவருக்கு முதலுதவி செய்ய ஸ்காட்லாந்தில் எழுந்த ஆம்புலன்ஸ் சங்கத்துக்காக முன்னின்று உழைத்தார். முதல் உலகப் போரில் செஞ்சிலுவைச் சங்க வேலைகளைத் தாங்கினார். 1907-ல் சர் பட்டம் கிடைத்தது. 1912-ல் அவருடைய ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சிப் பிரிவு திறக்கப்பட்டது. 1933-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் அவர் காலமானார்.

அதே ஆண்டுகளில், அன்று திருவாங்கூரோடு இருந்த நெய்யூரிலும் புற்று நோயோடு ஒரு போராட்டம் நடந்துகொண்டிருந்தது. 1838-ல் தொடங்கிய மிஷன் ஆஸ்பத்திரி அது. எவரெஸ்ட் சிகரம் ஏறப் போன டாக்டர் சாமர்வெல் மலையை விட்டு இங்கே வந்து தங்கிவிட்டார். வெற்றிலையும் புகையிலையும் அடக்கி அடக்கி வாயில் புற்று வந்தவர்கள் கூட்டம் கூட்டமாக அவரிடம் வந்தார்கள். கத்தியும் ரேடியமுமே அவர் கையில் இருந்த ஆயுதம். வாய்ப் புற்றுக்குச் சினைப்பை வைத்தியம் உதவாது. எல்லாப் புற்றும் ஒன்றல்ல.

எலி செய்த உதவி

சினைப்பையை எடுப்பது பெரிய ஆபரேஷன். இளம் பெண் பிள்ளைப் பேற்றை இழக்க வேண்டும். கத்தி இல்லாமல் அதே பலனைப் பெற முடியாதா?

இங்கேதான் எலி வருகிறது. அமெரிக்காவில் சிகாகோ நகரில் சார்லஸ் ஹக்கின்ஸ் என்ற டாக்டர், ஒரு ரசாயனத்தை ஒரே ஒரு முறை கொடுத்துப் பெண் எலிகளுக்கு மார்புப் புற்று உண்டாக்கிக் காட்டினார். 1961-ம் ஆண்டில் அதை வெளியிட்டார். சினைப்பையை எடுத்தால் அந்தக் கட்டிகளில் பல சுருங்கின. கிளாஸ்கோவில் பீட்சன் கண்டதையே எலிக் கூண்டில் மீண்டும் பார்க்க முடிந்தது. ஆண்களின் புராஸ்டேட் புற்றுக்கு ஹார்மோன் வழியில் சிகிச்சை கண்டவரும் இவரே. 1966-ல் நோபல் பரிசு பெற்றார்.

1962-ல் இங்கிலாந்தில் ஒரு மருந்துக் கம்பெனியில் டோரா ரிச்சர்ட்சன் என்ற பெண் விஞ்ஞானி ஒரு மருந்தைத் தயாரித்தார். கர்ப்பத் தடைக்காகச் செய்த மருந்து அது. எலிகளில் கர்ப்பத்தைத் தடுத்தது. பெண்களுக்குக் கொடுத்தாலோ நேர் எதிராக முட்டை வெளிவரத் தூண்டியது! கம்பெனிக்குப் பெரிய ஏமாற்றம். ஆனால் அதே மருந்து, மார்புக் கட்டியில் உள்ள கொக்கிகளில் போய் உட்கார்ந்துகொண்டு ஹார்மோனை நெருங்க விடாமல் தடுத்தது. அதுதான் டமாக்சிஃபென் மாத்திரை. 1971-ல் மான்செஸ்டர் நகர டாக்டர்கள் பெண்களிடம் பார்த்த பலனை வெளியிட்டார்கள். இன்று டாக்டர் சீட்டு எழுதித் தந்தால் நாகர்கோவில் மருந்துக் கடையிலேயே வாங்கிவிடலாம்.

கூண்டு எலிக்கு என்ன வைத்தியம்?

இவ்வளவு உதவிய எலிக்கே கட்டி வந்தால்?

வீட்டில் வளரும் பெண் எலிக்கு வருவதில் பெரும்பாலானவை புற்று அல்ல. மார்புத் திசுவில் எழும் சாதுவான கட்டிகள். எலிக்கு அந்தத் திசு கழுத்து முதல் தொடை இடுக்கு வரை பரவியிருக்கிறது. ஆகவே கட்டி எங்கே வேண்டுமானாலும் எழும்பும். இதற்கு இன்றும் முக்கிய வைத்தியம் கத்திதான். மருந்து மட்டும் கொடுத்து இவற்றைக் கரைப்பது அரிது. குட்டிப் பருவம் கடந்ததுமே சினைப்பையை எடுத்துவிட்டால் கட்டி வருவது வெகுவாகக் குறைகிறது. பீட்சன் கண்ட வழி இங்கே வருமுன் காப்பதற்கு உதவுகிறது.

மருந்து நன்றாகப் பலன் தருவது இன்னொரு வகைக் கட்டியில். மூளையின் அடியில் பிட்யூட்டரி என்ற சிறு சுரப்பி இருக்கிறது. வயதான பெண் எலிகளுக்கு அதில் கட்டி வரும். பால் சுரக்கச் செய்யும் ஹார்மோனை அது அளவின்றிக் கொட்டும். எலி தலையைச் சாய்த்து நடக்கும். முன்னங்கால்களால் தீனியைப் பிடிக்க முடியாமல் தடுமாறும். கேபர்கோலின் என்ற மருந்து அந்தச் சுரப்பை அடக்குகிறது. அதைக் கொடுத்துக் கட்டி சுருங்கி, மாதக்கணக்கில் மீண்டும் தானே தின்று நடமாடிய எலிகள் உண்டு. எலியின் ஆயுளோ இரண்டு, மூன்று ஆண்டுதான்.

எந்தக் கட்டி என்று மிருக வைத்தியர்தான் சொல்ல வேண்டும். வீட்டில் கிடக்கும் மாத்திரையை உடைத்துக் கொடுப்பது ஆபத்து. கால் கிலோவுக்குச் சற்று மேலே இருக்கும் பிராணி அது; மனிதருக்குரிய அளவு அதற்கு விஷமாகிவிடும். வாரம் ஒரு முறை கழுத்திலிருந்து தொடை வரை விரலால் மெதுவாகத் தடவிப் பார்த்து, சுண்டைக்காய் அளவிலேயே கண்டுபிடித்துக் கொண்டு போனால் வைத்தியருக்கு வேலை சுலபம்.