விழியினுள் வில்லை வைத்த வித்தகர்

புத்தளத்து உப்பளங்களில் நண்பகல் வேளையில் உழைப்போர் கண்களைச் சுருக்கிக்கொண்டே உழைப்பர். வெண்ணிற உப்பிற் பட்டுத் தெறிக்கும் வெயிலின் கூர்மை அத்தகையது. உடப்பிலும் கற்பிட்டியிலும் கடலோடும் குறும்பார்வையாளருக்கோ வேறொரு தொல்லையுண்டு. மூக்குக்கண்ணாடி அணிந்து சென்றால் உவர்நீர்த் திவலை படிந்து அது மங்கிவிடும். கழற்றினாற் கரை தெரியாது. இக்கரையில் வாழும் எமக்கு, கண்ணாடியைக் கண்ணினுள்ளேயே வைத்துவிடலாம் எனத் துணிந்த ஒருவரின் வரலாறு அயலார் கதையன்று. ஆகவே அவரை இம்மலரில் நினைவுகூர விழைகின்றோம்.

ஹரல்ட் றிட்லி 1906ஆம் ஆண்டு யூலைத் திங்கள் 10ஆம் நாள் இங்கிலாந்திலே பிறந்தார். தந்தையாரும் கண் வைத்தியரே. கேம்பிரிட்ஜிலும் இலண்டன் சென். தோமஸ் வைத்தியசாலையிலும் பயின்ற றிட்லி, 1938இல் மூர்பீல்ட்ஸ் கண் வைத்தியசாலையில் நிபுணரானார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், இன்று கானா எனப்படும் நாட்டிற் பணியாற்றி, ஆற்றுக்குருடு எனும் நோயை ஆராய்ந்து 1945இல் நூலொன்று வெளியிட்டார். பின்னர் இந்தியாவிலும் பர்மாவிலும், சிறைமீண்ட போர்வீரர் ஊட்டக்குறைவாற் பார்வை இழந்திருந்ததை ஆராய்ந்தார்.

அக்காலத்திற் கண்ணிற் புரை விழுந்தால், புரை படிந்த வில்லையை வைத்தியர் அகற்றுவர். அதன் இடத்தில் எதனையும் வையார். நோயாளி போத்தலின் அடிப்பாகம் போன்ற தடித்த கண்ணாடியுடன் எஞ்சிய வாழ்நாளைக் கழிப்பார். அத்தகைய முதியோரை எம்முள் மூத்தோர் பலர் கண்டிருப்பர். ஒரு முறை றிட்லி புரையகற்றியதைப் பார்த்து நின்ற மாணவர் ஒருவர், எடுத்த வில்லைக்கு ஈடாக வேறொன்று வைப்பதில்லையா என வினவினார். றிட்லியின் உள்ளத்தில் முன்னரே இருந்த எண்ணத்தை அவ்வினா தூண்டிற்று.

அவ்வெண்ணத்திற்கு அடிப்படையாக அமைந்தது போர்க்காலத்தில் அவர் கண்ட ஒரு காட்சி. 1940இல் கோர்டன் கிளீவர் என்னும் விமானியின் விமானக் கூரை உடைந்து அதன் துணுக்குகள் அவர் கண்களிற் பாய்ந்தன. கூரை பேர்ஸ்பெக்ஸ் எனும் செயற்கைப் பொருளால் ஆனது. கண்ணினுள் தங்கிய அத்துணுக்குகள் அழற்சியை உண்டாக்காமற் கிடந்ததை றிட்லி கண்டார். ஊறு விளைத்த பொருளே உதவும் பொருளாகலாம் எனத் தெளிந்தார். இறெயினர் என்னும் கண்ணாடி நிறுவனத்தாரின் உதவியுடன் அப்பொருளாலேயே வில்லை செய்வித்தார்.

1949 நவம்பர் 29ஆம் நாள், சென். தோமஸ் வைத்தியசாலையில் 45 வயதுப் பெண்மணி ஒருவரின் கண்ணில் அவ்வில்லையைப் பொருத்திப் பார்த்தார். 1950 பெப்ருவரி 8இல் அதனை நிலையாக வைத்தார். விளைவு யாது? வில்லை கண்ணிற் பொருந்தியது, கணக்கோ பிழைத்தது. இயற்கை வில்லையின் வளைவை ஒட்டிச் செய்யப்பட்ட பேர்ஸ்பெக்ஸ் வில்லை, ஒளியை மிகையாக முறித்தது. ஒளி விழித்திரைக்கு முன்னரே குவிந்தமையால் அப்பெண்மணிக்கு ஏறத்தாழ 18 டயொப்டர் அளவான குறும்பார்வை உண்டாயிற்று. அதனோடு, ஒளி ஒரே புள்ளியிற் குவியாது சிதறும் குறையும் 6 டயொப்டர் அளவில் இருந்தது. றிட்லி கணக்கைத் திருத்தி அடுத்த வில்லைகளைச் செய்வித்தார்.

1951இல் ஒக்ஸ்போட் மாநாட்டில் இதனை வெளியிட்டபோது, பாராட்டினும் ஏளனமே மிகுதியாகக் கிடைத்தது. கண்ணிலிருந்து அந்நியப் பொருளை எடுப்பதே வைத்தியர் தொழில், வைப்பதன்று எனப் பெரியோர் சினந்தனர். சில வில்லைகள் இடம் பெயர்ந்தன; சில கண்களில் அழற்சி நேர்ந்தது. எதிர்த்தோர் அச்சம் முற்றிலும் வீணானதென யாம் கூறோம். எனினும், பிழையைத் திருத்துவதற்கும் முயற்சியையே கைவிடுவதற்கும் வேறுபாடு உண்டன்றோ? பல்லாண்டுக்காலம் மனச்சோர்வுற்றிருந்தும் றிட்லி தம் கொள்கையைக் கைவிட்டாரல்லர்.

1953இல் இத்தாலியரான ஸ்திரம்பெல்லி, இயற்கை வில்லையை அகற்றாமலே குறும்பார்வையை நீக்கக் கண்ணின் முன்னறையில் வில்லை வைத்தார். அத்தகைய வில்லைகள் பல, கருவிழியின் உட்படலத்தைச் சிதைத்தமையால் அகற்றப்பட்டன. 1986இல் உருசியரான பியோதரொவ், கண்மணிக்குப் பின்னே இயற்கை வில்லைக்கு முன்னாக வைக்கும் வில்லையை உருவாக்கினார். அவ்வழியில் வந்த மென்மையான வில்லைகளே இன்று மிகுந்த குறும்பார்வையைத் திருத்துகின்றன. சிதறற் குறையைத் திருத்தும் வில்லையை உரிய கோணத்தில் நிறுத்துதல் வேண்டும். இது எல்லார்க்கும் ஏற்றதன்று. கண்ணின் அறையாழம், உட்படலம் முதலியவற்றை முன்னர் அளந்தும், பின்னர் காலந்தோறும் சோதித்தும் வருதல் இன்றியமையாதது. புரைநோய்க்கான வில்லையோ ஏழைகளுக்கும் எட்டியது. 1992இல் மதுரையில் அரவிந்த் கண் வைத்தியசாலையினர் தொடங்கிய அவுரோலாப், அதனைக் குறைந்த விலையிற் செய்து வழங்கிற்று.

றிட்லி 1986இல் உரோயல் சங்கத்தின் உறுப்பினரானார். 2000ஆம் ஆண்டில் சேர் பட்டம் பெற்றார். முதுமையில் தம் இரு கண்களிலும் புரை விழ, தாம் கண்ட வில்லையையே அவையிரண்டிலும் ஏற்றார். 2001 மே 25ஆம் நாள் மறைந்தார்.

முதல் வில்லை ஒருவரைக் குறும்பார்வையராக்கியது. அதன் வழிவந்த வில்லைகள் குறும்பார்வையை நீக்குகின்றன. கணக்குப் பிழைத்த மாணவன் வெட்கித் தாளைக் கிழித்தெறியாது, பிழைத்த வரியைத் தேடிக் காணல் வேண்டும். எம் கல்லூரி வகுப்பறைகளில் இன்று அமர்ந்திருக்கும் தம்பியர் இதனை மனங்கொள்வாராக.