கெட்டுப்போன சாறு கற்பித்த பாடம்

பிரெஞ்சு நாட்டின் வடகோடியில் லில் என்ற நகரம் இருக்கிறது. அதற்கு அப்பால் பெல்ஜியம். அந்தப் பகுதியெங்கும் பீட் கிழங்கு விளையும். அதிலிருந்து சர்க்கரை எடுப்பார்கள். சாற்றை நொதிக்க வைத்துச் சாராயமும் வடிப்பார்கள்.

1856-ம் ஆண்டு அவ்வூரில் பீகோ என்பவருடைய ஆலையில், தொட்டி தொட்டியாகச் சாறு கெட்டுப்போயிற்று. சாராயத்துக்குப் பதில் புளித்த நாற்றம்தான் மிஞ்சியது. காரணம் யாருக்கும் விளங்கவில்லை. பீகோ தம் மகன் படித்த கல்லூரியின் ரசாயனப் பேராசிரியரை நாடினார்.

அந்தப் பேராசிரியர்தான் லூயி பாஸ்டர்.

தோல் பதனிடுபவர் மகன்

பாஸ்டர் 1822-ம் ஆண்டு டிசம்பர் 27-ந் தேதி டோல் என்ற ஊரில் பிறந்தார். தந்தை நெப்போலியன் படையில் இருந்தவர். பிறகு தோல் பதனிட்டுப் பிழைத்தார். மகன் சிறு வயதில் நன்றாகப் படம் வரைவான். பாரிசில் படித்து விஞ்ஞானி ஆனான்.

1849-ல் பாஸ்டருக்கும் மேரி என்ற பெண்ணுக்கும் திருமணம் நடந்தது. கணவர் சொல்லச் சொல்ல ஆராய்ச்சிக் குறிப்புகளை எழுதியவர் அந்த அம்மையார்.

தொட்டிக்குள் உயிர்

பாஸ்டர் ஆலைக்குப் போனார். நல்ல தொட்டியிலிருந்து ஒரு சொட்டு, கெட்ட தொட்டியிலிருந்து ஒரு சொட்டு எடுத்தார். மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார்.

நல்ல சாற்றில் உருண்டை உருண்டையாக ஈஸ்ட் இருந்தது. கெட்ட சாற்றில் குச்சி போன்ற மிகச் சிறிய கிருமிகள் நெளிந்தன. பாலைத் தயிராக்கும் புளிப்பை உண்டாக்குகிற இனம் அது.

ஈஸ்ட் உயிருள்ளது என்று முன்பே சிலர் சொன்னதுண்டு. ஜெர்மானிய மேதை லீபிக் போன்றவர்கள் அதைக் கேலி செய்தார்கள். பொருள் அழுகுவதே நொதித்தலுக்குக் காரணம் என்பது அவர்கள் கட்சி. பாஸ்டர் விடவில்லை. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயமாக்குகிறது, வேறு கிருமி புகுந்தால் சாறு கெடுகிறது என்று சோதனைகளால் நிலைநாட்டினார்.

கிருமி எங்கிருந்து வருகிறது? காற்றிலுள்ள தூசியோடு வருகிறது என்று காட்டினார். திராட்சை மதுவை 50, 60 டிகிரி வரை சூடாக்கினால் கிருமி மடியும் என்றும் கண்டுபிடித்தார். இன்று பாலைப் பாதுகாப்பதும் இந்த முறையில்தான்.

வீட்டில் இடி

வெளியே புகழ் வந்தது, வீட்டிலோ துயரம். 1859-ல் மூத்த மகள் ழான் டைபாய்டு சுரத்தில் இறந்தாள். 1865-ல் இரண்டு வயதுக் குழந்தை கமீய் போனாள். அடுத்த ஆண்டு 12 வயது செசீலையும் டைபாய்டு கொண்டுபோயிற்று. 1868-ல் அவருக்கே பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்தது. அப்போது வயது 45. ஆனாலும் வேலையை நிறுத்தவில்லை.

பீர் ஆலையில் பாஸ்டர்

1870-ல் ஜெர்மனியோடு நடந்த போரில் பிரான்சு தோற்றது. ஜெர்மனியின் பீர் பெயர் பெற்றது. அதை மிஞ்சும் பீர் தம் நாட்டில் செய்யவேண்டும் என்று பாஸ்டர் உறுதி கொண்டார்.

1871-ல் லண்டனிலுள்ள ஒரு பெரிய பீர் ஆலைக்குப் போனார். ருசி பார்க்கவில்லை, ஈஸ்டைக் கேட்டு வாங்கி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். இதில் வேற்றுக் கிருமி இருக்கிறது, இந்தப் பீர் சரியாக இராது என்றார். ஆலைக்காரர்கள் திகைத்தார்கள். அவர்களுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது! சில நாட்களில் அவர்களும் ஒரு மைக்ராஸ்கோப் வாங்கிவிட்டார்கள். 1876-ல் பாஸ்டர் பீரைப் பற்றிய நூலை வெளியிட்டார்.

கற்கண்டும் கொத்தமல்லியும்

பெல்ஜியத்து மடங்களில் துறவிகள் காய்ச்சும் கருநிறப் பீர் பேர்போனது. அதைப் போல வீட்டிலேயே காய்ச்சுகிறவர்கள் இன்று பல நாடுகளில் உண்டு. முளைகட்டிய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து வடித்து, ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவைப் போட்டுக் கொதிக்க வைப்பார்கள். பீட் சர்க்கரையைக் கருகும் நிறத்துக்குக் காய்ச்சிய பாகையும் சேர்ப்பார்கள். அதன் பெயர் காண்டி. நம் கற்கண்டோடு உறவுள்ள பெயர் அது! சிலர் கொத்தமல்லி விதை, ஆரஞ்சுத் தோல் சேர்ப்பதுண்டு.

பிறகு ஆறவைத்து ஈஸ்ட் விடுவார்கள். சர்க்கரையின் பெரும்பகுதியை ஈஸ்ட் தின்றுவிடுவதால் பீருக்குக் கடுமை ஏறுகிறது. நூற்றுக்கு 8, 10 பங்கு சாராயம் இருக்கும். பக்குவமாக வாரக்கணக்கில், மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பாத்திரத்தில் கொஞ்சம் அழுக்கு இருந்தாலும் போதும், அத்தனை நாள் பாடும் வீண். ஆகவே அவர்கள் முதலில் கற்பது பாத்திரத்தைச் சுத்தம் செய்வதைத்தான். அது பாஸ்டர் தந்த பாடம்.

தொட்டியிலிருந்து மனிதனுக்கு

சாற்றைக் கிருமி கெடுக்கும் என்றால், மனித உடலையும் கெடுக்கலாம் அல்லவா? பாஸ்டரின் சிந்தனை அந்தப் பக்கம் திரும்பியது. 1885 ஜூலை 6-ந் தேதி, வெறிநாய் கடித்த ழோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனைத் தாய் அழைத்து வந்தாள். பாஸ்டர் வைத்தியர் அல்ல. ஆகவே அவர் தயாரித்த மருந்தை ஒரு வைத்தியர் ஊசி மூலம் செலுத்தினார். சிறுவன் பிழைத்தான். தம் குழந்தைகளைக் காக்க முடியாத தகப்பன் ஊரார் குழந்தையைக் காத்தார்.

1895 செப்டம்பர் 28-ந் தேதி பாஸ்டர் காலமானார். 1907-ல் நமது நீலகிரி மாவட்டத்துக் குன்னூரிலும் அவர் பெயரால் ஒரு நிலையம் ஏற்பட்டது. வெறிநாய்க் கடிக்கு வைத்தியம் செய்யவே அதைத் தொடங்கினார்கள்.