கோ. வெங்கடசாமி

மருத்துவர் கோவிந்தப்பா வெங்கடசாமி (அக்டோபர் 1, 1918 - சூலை 7, 2006) தமிழகத்தைச் சேர்ந்த கண் மருத்துவர் ஆவார். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவியவர். டாக்டர் வி என்று பரவலாக அறியப்பட்டார். கண்புரை அறுவை மருத்துவத்திற்காகவே இவர் பெரிதும் பேசப்பட்டாலும், ஏழைக் குழந்தைகளின் பார்வையைக் காக்க அதற்கு முன்பே இவர் ஆற்றிய பணி குறிப்பிடத்தக்கது.

இளமையும் கல்வியும்

எட்டயபுரம் அருகிலுள்ள வடமலாபுரத்தில் உழவர் குடும்பத்தில் பிறந்தார். சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வரை பரந்த கரிசல் நிலத்தைச் சேர்ந்தது இவ்வூர். மழையை நம்பிய வேளாண்மையே இங்கு வழக்கம். தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்கள் வேரூன்றியதும் இவ்வறண்ட பகுதியில்தான். தாளும் எழுதுகோலும் இல்லாத ஊர்ப்பள்ளியில் மணலில் எழுதிப் பயின்றார். உறவுப்பெண்கள் மூவர் பேறுகாலத்தில் இறந்ததைச் சிறு வயதில் கண்டதால் மகப்பேறு மருத்துவராக விரும்பினார்.

மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் பயின்றபின், 1944 இல் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் மருத்துவப் பட்டம் பெற்றார். படைத்துறை மருத்துவப் பிரிவில் பணியாற்றுகையில் கடுமையான முடக்குவாதம் தாக்கியது. 1948 இல் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டு நீண்ட காலம் படுக்கையில் கிடந்தார். விரல்கள் கோணிப்போனதால் மகப்பேறு மருத்துவம் கைகூடவில்லை. கண் மருத்துவம் பயின்று, தம் விரல்களுக்கேற்ற கருவிகளை அமைத்துக்கொண்டு அறுவை மருத்துவம் செய்யப் பழகினார். வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகளைச் செய்தார்.

குழந்தைகளுக்கான பணி

1956 இல் மதுரை அரசு எர்ஸ்கின் மருத்துவமனையில் கண் மருத்துவத் துறைத் தலைவரானார். 1960களில் ஊர்தோறும் கண் மருத்துவ முகாம்களை நடத்தினார். அக்காலத்தில் குழந்தைகளின் பார்வையைப் பறித்தவற்றுள் முதன்மையானது உயிர்ச்சத்து ஏ குறைபாடு. முதலில் மாலைக்கண் தோன்றும். பிறகு விழி வறளும். தட்டம்மையோ வயிற்றுப்போக்கோ வந்தால் சில நாட்களிலேயே கருவிழி உருகிவிடும். அந்நிலையை எட்டிய கண்ணை எந்த அறுவையாலும் முழுமையாக மீட்க இயலாது. எனவே மருத்துவமனையில் காத்திருக்கும் கண் மருத்துவரால் இக்குழந்தைகளுக்குப் பயன் குறைவு.

இதை உணர்ந்து, அரசு மருத்துவமனையுடன் இணைந்த ஊட்டச்சத்து மறுவாழ்வு மையத்தை உருவாக்கினார். குழந்தைகளுடன் தாய்மாரும் அங்கு தங்கி, உள்ளூரில் மலிவாகக் கிடைக்கும் உணவுகளைச் சமைத்து ஊட்டக் கற்றனர். மருந்து கொடுத்து அனுப்பினால் குழந்தை மீண்டும் அதே உணவுக்கே திரும்பும் என்பதால் தாய்க்குக் கற்பிப்பதே மருத்துவமாயிற்று. இம்மையத்தின் அனுபவம் 1976 இல் லான்செட் இதழில் வெளியானது.

அரவிந்த் கண் மருத்துவமனை

ஓய்வு பெற்ற 1976 ஆம் ஆண்டிலேயே, மதுரை அண்ணாநகரில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். உடன்பிறந்தோரும் அவர்தம் துணைவர்களும் இதில் இணைந்தனர். வீடும் நகையும் அடகு வைக்கப்பட்டன. கட்டணம் செலுத்துவோரின் வருவாயைக் கொண்டு ஏழைகளுக்கு இலவச மருத்துவம் அளிக்கும் முறை பின்பற்றப்பட்டது.

இலவசம் என்று அறிவித்தும் முகாம்களில் அறுவைக்குப் பரிந்துரைக்கப்பட்ட பலர் வரவில்லை. பேருந்துக் கட்டணம், உணவுச் செலவு, இழக்கும் நாட்கூலி ஆகியவையே தடை என்பது பின்னர் தெரிந்தது. அதன்பின் போக்குவரத்தும் உணவும் மருத்துவமனையின் பொறுப்பாயின. 1992 இல் தொடங்கப்பட்ட ஆரோலேப், அதுவரை இறக்குமதி செய்யப்பட்ட உள்விழி வில்லைகளை மிகக் குறைந்த விலையில் உருவாக்கியது.

1988 இல் திருநெல்வேலியில் கிளை தொடங்கப்பட்டது. மதுரைக்கும் நெல்லைக்கும் இடைப்பட்ட விருதுநகர், சிவகாசி, சாத்தூர்ப் பகுதியினருக்கு இதனால் இருபுறமும் மருத்துவமனை கிட்டியது. பட்டாசு வெடித்துக் காயமுற்ற கண்ணுக்கு மணிக்கணக்கில் ஏற்படும் தாமதமும் கேடு என்பதால் இத்தொலைவு முக்கியமானது.

பிற்காலம்

வெங்கடசாமி திருமணம் செய்துகொள்ளவில்லை. அரவிந்தர், அன்னை ஆகியோரின் நெறியில் ஈடுபாடு கொண்டிருந்தார். மருத்துவமனையின் பெயரும் அதனால் அமைந்ததே. 1973 இல் பத்மசிறீ விருது பெற்றார். 2006 இல் மதுரையில் காலமானார். அவரது நூற்றாண்டு நாளான அக்டோபர் 1, 2018 அன்று கூகுள் நிறுவனம் தன் முகப்பில் அவரது உருவத்தை வெளியிட்டது.