48 வயதில் கிடைத்த கேமரா: யார் இந்த ஜூலியா மார்கரெட் கேமரன்?

கேமரா வாங்கிட்டோம், கத்துக்க நேரமில்லை. இனிமே எங்கே என்று பீரோவில் பூட்டி வைத்திருப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். ஜூலியா மார்கரெட் கேமரன் தன் முதல் கேமராவைத் தொட்டபோது அவருக்கு 48 வயது. ஆறு பிள்ளைகளைப் பெற்றவர். இன்று உலகப் புகைப்பட வரலாற்றை யார் எழுதினாலும் அவரை விட்டுவிட்டு எழுத முடியாது.

(பெயரில் இருக்கும் கேமரன், கணவரின் குடும்பப் பெயர். கேமராவுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை!)

1815-ல் கல்கத்தாவில் பிறந்தவர் ஜூலியா. அப்பா கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி. 1838-ல் தன்னைவிட 20 வயது மூத்த சார்லஸ் ஹே கேமரனை மணந்தார். இலங்கை வரலாறு படித்தவர்களுக்கு இவரைத் தெரிந்திருக்கும்; கோல்புரூக்-கேமரன் ஆணைக்குழுவின் கேமரன் இவர்தான். இலங்கையில் காபித் தோட்டங்கள் வாங்கிப் போட்டிருந்தார். 1848-ல் குடும்பம் இங்கிலாந்து போனது. பிறகு வைட் தீவில் ஃப்ரெஷ்வாட்டர் என்ற ஊரில் வாங்கிய வீட்டுக்கு, இலங்கைத் தோட்டத்தின் நினைவாக டிம்போலா என்று பெயர் வைத்தார்கள்.

1863 கிறிஸ்துமஸ் சமயம். தோட்டத்தைப் பார்க்கக் கணவர் இலங்கை போயிருந்தார். ஒரே மகளும் கல்யாணமாகிப் போயாச்சு. எப்போதும் ஆட்கள் நிறைந்திருந்த வீட்டில் அம்மா தனியாகிவிட்டாரே என்று மகளும் மருமகனும் சேர்ந்து ஒரு கேமராவைப் பரிசளித்தார்கள். பொழுதுபோகட்டும் என்பதுதான் அவர்கள் நினைப்பு.

ஆனால் அன்றைக்குப் போட்டோ எடுப்பது பொழுதுபோக்கு மாதிரியா இருந்தது? கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பிசினை ஊற்றிச் சீராகப் பரப்பணும். இருட்டறையில் வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கணும். ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, காய்வதற்குள்ளேயே கழுவியும் முடிக்கணும். எதிரே உட்கார்ந்திருப்பவர் சில நிமிடங்கள் அசையவே கூடாது. அசைந்தால் தகடு வீண், மறுபடி முதலிலிருந்து. வெள்ளி நைட்ரேட் பட்ட கை கறுத்துப்போகும், துணியில் பட்டால் கறை போகாது.

ஜூலியா அசரவில்லை. வீட்டில் கரி போட்டு வைத்த அறை இருட்டறை ஆனது. கோழிகளைக் கிளப்பிவிட்டு, கண்ணாடி போட்ட கோழிக்கூடு ஸ்டுடியோ ஆனது. அடுத்த மாதமே, 1864 ஜனவரியில், ஆனி என்ற சிறுமியின் படம் சரியாக விழுந்தது. தன் முதல் வெற்றி என்று அதைத்தான் அவர் கொண்டாடினார்.

பிறகு யார் கண்ணில் பட்டாலும் விடவில்லை. வீட்டு வேலைக்காரப் பெண்ணை மேரி மாதாவாக உட்கார வைத்தார். பக்கத்து வீட்டுக் கவிஞர் டென்னிசன், தீவுக்கு வந்து தங்கிய டார்வின், எழுத்தாளர் கார்லைல் எல்லோரும் மாட்டினார்கள். வானியலாளர் ஜான் ஹெர்ஷல் பழைய நண்பர். கல்கத்தா நாட்களிலேயே அவருக்குப் புகைப்பட மாதிரிகளை அனுப்பிவைத்தவர். 1867-ல் அவரைப் படமெடுக்கும் முன் தலைமுடியை அலசிவிடச் சொன்னாராம், நரைமுடி சிலிர்த்து நிற்க வேண்டும் என்பதற்காக!

பிரச்சினை வேறு பக்கம் வந்தது. ஜூலியாவின் படங்கள் பளிச்சென்று இருக்காது. முகம் மட்டும் இருட்டிலிருந்து எழும்பும், ஓரங்கள் மங்கிப்போகும். சிலவற்றில் விரல் தடம், கீறல்கூட இருக்கும். இந்தம்மாவுக்கு ஃபோகஸ் பண்ணவே தெரியாது என்று லண்டன் புகைப்பட வட்டாரம் கேலி செய்தது. கீறல்களில் சில பழகாத கையின் பிழைகள்தான், அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் மங்கல் அப்படியல்ல. லென்ஸைத் திருப்பும்போது கண்ணுக்கு அழகாகத் தெரிந்த இடத்தில் நிறுத்திவிடுவார். மற்றவர்கள் கூர்மை வரும்வரை திருப்புவார்கள். ஜெர்மனியில் பதக்கம் கிடைத்தது. இப்போது விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகமாக இருக்கும் சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகம் 1865-லேயே படங்களை வாங்கியது. உள்ளூர் கேலி மட்டும் அடங்கவில்லை.

அவருக்குப் பணமும் தேவைப்பட்டது. படங்களுக்குக் காப்புரிமை பதிவு செய்து, லண்டன் கடை வழியாக விற்றார். செலவுக்கு முன்னால் அது பெரிய வருமானமில்லை. இலங்கைக் காபியை இலைத்துரு நோய் தின்றுகொண்டிருந்தது. கேமரா தந்த மகள் 1873-ல் பிரசவத்தில் இறந்துபோனார். 1875-ல் தம்பதி இலங்கைக்கே கிளம்பினார்கள். சாமான்களோடு இரண்டு சவப்பெட்டிகளும் கப்பலேறின என்பார்கள்.

இலங்கையில் நல்ல தண்ணீர், ரசாயனம், படம் வாங்க ஆள் எல்லாமே தட்டுப்பாடு. அங்கே எடுத்தவற்றில் மிஞ்சியவை 30-க்கும் குறைவு. களுத்துறை மக்களும், தோட்டங்களில் உழைத்த தமிழர்களும் அவற்றில் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் வேலைக்காரப் பெண்ணின் பெயர்கூட வரலாற்றில் நின்றது. இவர்களில் பெரும்பாலோர் யார் என்று எங்கும் எழுதிவைக்கப்படவில்லை. முதலாளி வீட்டம்மா நிற்கச் சொன்னபோது மறுக்க இவர்களுக்கு எவ்வளவு இடம் இருந்திருக்கும்? அந்தப் படங்களைப் பார்க்கையில் இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடிவதில்லை. ஆனால் அந்தக் காலத்தில் மலையகத் தமிழர் முகங்களை இவ்வளவு கிட்டத்தில் காட்டும் படங்கள் அதிகமில்லை.

1879 ஜனவரி 26-ல் ஜூலியா இறந்தார். கணவர் அடுத்த ஆண்டு. பொகவந்தலாவை புனித மேரி தேவாலய வளாகத்தில், தேயிலை மலைகளுக்கு நடுவே, இருவர் கல்லறையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறது.