அரசமைப்பை மீண்டும் வாசித்த பிரெடரிக் டக்ளஸ்

கருத்தை மாற்றிக்கொண்டவரைக் கொள்கையற்றவர் என்று தூற்றும் வழக்கம் இயக்கங்களுக்குள் வலுவாகவே இருக்கிறது. மறுபரிசீலனை என்பது சரணடைதலா என்று கேட்போர், அமெரிக்கக் கறுப்பின விடுதலைப் போராளி பிரெடரிக் டக்ளஸின் வாழ்வை வாசிக்க வேண்டும் என்கிறோம்.

1818இல் மேரிலாந்து மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர் டக்ளஸ். அவருக்கு எழுத்துகளைக் கற்பிக்கத் தொடங்கிய வீட்டுத் தலைவியை அவருடைய கணவர் தடுத்தார். படிப்பறிவு பெற்றவன் அடிமையாக நீடிக்கமாட்டான் என்பதே அவர் சொன்ன காரணம். அந்தக் காரணமே சிறுவனுக்கு விடுதலையின் வழியைக் காட்டியது. 1838இல் வடக்கே தப்பிச் சென்ற அவர், 1841 முதல் வில்லியம் லாயிட் கேரிசனின் அடிமை ஒழிப்பு அணியில் பேச்சாளரானார்.

அமெரிக்க அரசமைப்புச் சட்டம் அடிமை உடைமையாளர்களோடு செய்துகொண்ட ஒப்பந்தம் என்பது கேரிசனின் நிலைப்பாடு. வாக்களிப்பதைக்கூட அவர் குற்றத்துக்கு உடந்தையாவதாகவே கருதினார். இதற்கு ஆதாரம் இல்லாமலில்லை. அடிமைகளில் ஐந்தில் மூன்று பங்கினரைக் கணக்கில் சேர்த்துத் தென்மாநிலங்களுக்குக் கூடுதல் பிரதிநிதித்துவம் தந்ததும், தப்பியோடியோரைத் திருப்பி ஒப்படைக்கச் சொன்னதும் அச்சட்டமே. டக்ளஸும் பல ஆண்டுகள் இதையே மேடைதோறும் முழங்கினார்.

1847இல் ராச்செஸ்டர் நகரில் சொந்த இதழ் தொடங்கிய பின்னர், மாற்றுக் கருத்துடையோருடன் அவர் விவாதிக்க நேர்ந்தது. கெரிட் ஸ்மித், லைசாண்டர் ஸ்பூனர், வில்லியம் குடெல் ஆகியோரின் வாதங்களைப் பயின்றார்; சட்டப் பொருள்கோள் விதிகளையும் கற்றார். அடிமை என்ற சொல்லே அச்சட்டத்தில் இல்லை என்பதும், எழுதியோரின் மறைமுக நோக்கம் சட்டமாகிவிடாது என்பதும், முகவுரை நீதியையும் விடுதலையையும் அறிவிக்கிறது என்பதும் அவரை அசைத்தன. 1851இல் சிராக்யூஸ் மாநாட்டில் தம் கருத்து மாறியதை வெளிப்படையாக அறிவித்தார். கேரிசன் அவர்மீது உள்நோக்கம் கற்பித்தார். பத்தாண்டுத் தோழமை முறிந்தது.

1854 ஜூலை 4 அன்று கேரிசன் அரசமைப்பின் படியைப் பொதுமேடையில் எரித்தார். எட்டு நாட்களுக்குப் பின் ஓஹையோவின் ஒரு கல்லூரியில் டக்ளஸ் வேறொரு எதிரியைச் சந்தித்தார். சாமுவேல் மார்ட்டன், ஜோசையா நாட், ஜார்ஜ் கிளிடன் போன்ற அறிஞர்கள், மண்டையோட்டு அளவுகளைக் காட்டிக் கறுப்பினத்தவரைத் தாழ்ந்த தனி இனம் என்று நிறுவ முயன்றுவந்தனர். இவர்களுள் நாட் அடிமைகளை உடைமையாக வைத்திருந்த மருத்துவர். ஐரோப்பியரின் மிக அழகிய முகத்தையும் கறுப்பினத்தவரின் சிதைத்து வரைந்த உருவத்தையும் அருகருகே வைத்து ஒப்பிடும் மோசடியை டக்ளஸ் அம்பலப்படுத்தினார். அந்த அறிஞர்களுக்கு முடிவு முன்பே தயாராக இருந்தது. அளவுகோல் பின்னர் வந்தது. டக்ளஸோ சான்றுகளுக்கு ஏற்பத் தம் முடிவை மாற்றிக்கொண்டவர்.

1857இல் டிரெட் ஸ்காட் வழக்கில், கறுப்பினத்தவர் குடிமக்களாக முடியாது என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பழைய நிலைப்பாட்டுக்குத் திரும்ப அவருக்கு அதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை. ஆயினும் நீதிபதிகளின் வாசிப்பைத்தான் அவர் குற்றம் சாட்டினார், சட்டத்தைக் கைவிடவில்லை. உள்நாட்டுப் போரைத் தொடர்ந்து 1865, 1868, 1870ஆம் ஆண்டுகளின் திருத்தங்கள் அடிமை ஒழிப்பையும் குடியுரிமையையும் வாக்குரிமையையும் எழுத்தில் சேர்த்தன. 1895இல் அவர் மறைந்தபோது, தென்மாநிலங்கள் வன்முறையாலும் சூழ்ச்சிச் சட்டங்களாலும் அவ்வுரிமைகளைப் பறித்துக்கொண்டிருந்தன. சரியான வாசிப்பு மட்டும் போதாது என்பதையும் அவர் காண நேர்ந்தது.

அந்த அடிமை ஒழிப்புப் போராட்டத்தைப் போற்றியே ஜோதிராவ் புலே 1873இல் தம் ‘குலாம்கிரி’ நூலை அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அரசமைப்பை வெற்றுக் காகிதம் என்போரும், அதைக் கேள்விக்கு அப்பாற்பட்ட வேதமாக்குவோரும் இன்று நம்மிடையே உள்ளனர். இரு தரப்பாரும் அதைப் பிரிவு பிரிவாக வாசிக்க வேண்டும் என்பதே டக்ளஸிடமிருந்து நாம் பெறும் பாடம். அவருடைய மாற்றம் மனிதரைப் பகைப்பதாகவும் முடியவில்லை. 1879இல் கேரிசன் இறந்தபோது, வாஷிங்டன் நகர நினைவுக் கூட்டத்தில் அவரைப் புகழ்ந்து பேசியவர் டக்ளஸ்.